எழுத்தை மூடி வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

வகுப்பறைக்குப் படக்கதைப் புத்தகம் எடுக்கும்போது நாம் முதலில் கேட்பது, "இதில் என்ன நீதி இருக்கிறது?" அடுத்து, "சொற்கள் எளிதா?" படங்களைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். அதுவும் "கலர் நன்றாக இருக்கிறது" என்பதோடு முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையை யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் வாசிப்பதைக் காதால் கேட்டுக்கொண்டே அது படத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. நம் கண் வரிகளில் ஓடும் நேரத்தில், மூலையில் ஒளிந்திருக்கும் எலியை அது கண்டுபிடித்திருக்கும். படத்தில் படிப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது பாதிப் புத்தகம்தான்.

அதனால் எழுத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். அப்புறம் எழுத்தை மட்டும் வாசியுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா, ஒன்று விட்டதை இன்னொன்று சொல்கிறதா? "பூனை மரத்தில் ஏறியது" என்ற வரிக்குப் பக்கத்தில் பூனை மரத்தில் ஏறுவது மட்டுமே இருந்தால் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை.

பாட் ஹட்சின்ஸ் தானே எழுதிப் படமும் வரைந்து 1968இல் வெளிவந்த 'ரோஸிஸ் வாக்' (ரோஸியின் நடை) என்ற படக்கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கில மூலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் அவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி பின்னாலேயே வருகிறது, பாய்கிறது, குளத்தில் விழுகிறது. நரி என்ற சொல்லே எழுத்தில் கிடையாது! கதை சொல்பவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற சந்தோஷம் குழந்தைக்குக் கிடைக்கிறது. "பின்னாடி பாரு!" என்று வகுப்பே கத்தினால், அதைவிடப் பெரிய வாசிப்புப் பயிற்சி எது?

அதே புத்தகத்தில் பக்கம் புரட்டுவதையும் கவனிக்கலாம். நரி பாயத் தயாராகும் இடத்தில் பக்கம் முடிகிறது. புரட்டினால்தான் விழுவது தெரியும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில்தான் வருகின்றன. பெரிய அச்சுத் தாளை மடித்துப் பக்கங்களாக்கும் கணக்கு அது. அந்தக் குறைந்த இடத்தில் எங்கே நிறுத்தி எங்கே காட்டுவது என்று யோசித்தவரின் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வாசிக்கும் நாக்கு தடுக்கினால் வரியில்தான் கோளாறு.

கடினச் சொல் இருக்கிறது என்று நல்ல புத்தகத்தை ஒதுக்காதீர்கள். குழந்தை தானே வாசிக்க வேண்டிய புத்தகம் வேறு, நாம் வாசித்துக் காட்டும் புத்தகம் வேறு. வாசித்துக் காட்டும்போது படமும் நம் குரலும் துணைக்கு இருக்கின்றன. புதுச் சொல் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

படங்களில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சில புத்தகங்கள் குழந்தைக்குத் தன்னையே காட்டும் கண்ணாடி, சில பிறர் வாழ்வைக் காட்டும் சன்னல் என்று குழந்தை இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். நான் இன்னும் ஒரு கேள்வி சேர்ப்பேன்: அந்தப் படத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? சக்கர நாற்காலியில் இருக்கும் பையன் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருந்தால் போதாது. கதையை நகர்த்தும் ஒரு முடிவாவது அவன் எடுக்க வேண்டும்.

புத்தகத்தை விரித்து நிமிர்த்தி வைத்து, அறையின் கடைசியிலிருந்து ஒருமுறை பாருங்கள். நுணுக்கமான படங்கள் சிறு குழுவுக்குச் சரி, முழு வகுப்புக்கு ஆகாது. முக்கியமான முகம் நடுமடிப்பில் சிக்கியிருந்தால் அதுவும் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் "இக்கதையிலிருந்து நீ கற்றது என்ன?" என்று அச்சிட்டிருந்தால், தயவுசெய்து அதை வாசிக்காமல் மூடிவிடுங்கள். படம் பார்த்துப் பேசும் முறை ஒன்றை உருவாக்கிய அபிகேல் ஹவுசனும் பிலிப் யெனவைனும் கேட்கச் சொன்ன கேள்விகள் எனக்கு மிகவும் பிடிக்கும்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இவற்றுக்கு வகுப்பு முழுவதும் ஒரே பதில் சொன்னால் அந்தப் புத்தகத்தை நான் எடுக்க மாட்டேன். பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒருவரோடு ஒருவர் வாதாடினால், நீதியே இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வேன்.