‘நல்ல இடமாகப் பார்த்து எடுத்திருக்கலாமே’

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளம் இசைக்குழுவை, சத்தம் தாங்காமல் யாரோ போலீஸைக் கூப்பிட்டு நிறுத்த வைத்தது உங்களில் பலருக்குத் தெரியும், வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையன்கள் பாதிப் பாட்டில் நிறுத்தி, டிரம்ஸைக் கழற்றி, மொட்டைமாடிப் படியில் ஒவ்வொன்றாக இறக்கியதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அந்த வீடியோவின் கீழே ஒருவர் போட்டிருந்த கமெண்ட்தான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது. "ஒத்திகைக்குக் கொஞ்சம் நல்ல இடமாகப் பார்த்து எடுத்திருக்கலாமே." எழுதியவர் இசை தெரிந்தவர். மார்கழி வந்தால் சபா சபாவாகப் போகிறவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

எந்த நல்ல இடம்? பதினெட்டு வருஷமாக சென்னையில் டிரம்ஸ் வாசிக்கிறேன். இதுவரை பதினொரு ஒத்திகை இடம் மாறியாயிற்று. ஒன்பது இடங்களில் காலி செய்யச் சொல்லித்தான் கிளம்பினோம். நல்ல இடத்தை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஜாம் ரூமுக்குள், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறைக்குள், நுழைந்ததும் புதுப் பையன்கள் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் என்ன கம்பெனி என்று பார்ப்பார்கள். நான் கதவைப் பார்ப்பேன். கதவுக்கு அடியில் விரல் நுழைந்தால் சத்தமும் வெளியே போகும். சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருந்தால் அப்படியே திரும்பிவிடுவேன். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். காலால் பெடலை மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் அடிக்குரல் பேஸ் கிட்டாரும் அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கே போய்விடும். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். இரட்டைச் சுவர், நடுவில் காற்று இடைவெளி, கட்டிடத்தோடு ஒட்டாமல் ரப்பர் மேல் நிற்கும் தரை, இதெல்லாம் வேண்டும். வாடகைக் கட்டிடத்தில் யார் அவ்வளவு செலவு செய்வார்கள்?

அப்புறம் கரண்ட் லைனுக்கு எர்த். ஒரு இடத்தில் எங்கள் பாடகி கிட்டாரைப் பிடித்தபடியே மைக்கில் உதட்டை வைத்தாள், ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தாள். அன்றிலிருந்து எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

அறையின் அளவும் முக்கியம். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) அமைப்பு சொல்லும் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். பத்துக்குப் பத்து அறையில் டிரம்ஸ் வாசித்தால் 100 எளிதாக வந்துவிடும். என் இடது காதில் ஆறு வருஷமாக ஒரு விசில் சத்தம் நிற்காமல் கேட்கிறது. சின்ன அறை மலிவாகக் கிடைத்தது என்று எடுத்ததற்கு நான் கொடுத்த விலை அது.

எல்லாம் தெரிந்தும் ஏன் மொட்டைமாடி? கடைசியாக நாங்கள் போன ஜாம் ரூமில் மணிக்கு 500 ரூபாய், குறைந்தது இரண்டு மணி நேரம் எடுக்க வேண்டும். டிரம்ஸைச் சரிசெய்து, மைக் செக் செய்வதிலேயே அரை மணி போய்விடும். அந்தப் பையன்களில் ஒருவன் உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். தேர்ந்தெடுக்க நாலு இடம் கையில் இருந்தால்தானே நல்லதாகப் பார்த்து எடுப்பது?

எங்களுக்கு ஒரே ஒரு தடவை நல்ல இடம் கிடைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த குடோன். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபலைத் தாண்டக்கூடாது, இரவு பத்துக்கு மேல் 45. தொழிற்பேட்டை என்றால் பகலில் 75, இரவில் 70. ஆறு மணிக்குப் பட்டறை அண்ணன் மெஷினை நிறுத்துவார், நாங்கள் ஆரம்பிப்போம். சில நாள் டீயோடு வந்து வாசலில் உட்கார்ந்து கேட்பார். இரண்டு வருஷம். பிறகு இடம் கைமாறியது. அந்த இரண்டு வருஷத்தில் போட்ட பாட்டுகள்தான் இன்றும் எங்களுக்குச் சோறு போடுகின்றன.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே என்பீர்கள். சரி, நியாயம்தான். மார்ச் மாதம் முழுவதும் நாங்களே நிறுத்திவைத்திருக்கிறோம். வயதானவர்கள்? அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தெருவில் காதுகுத்துக்கு மூன்று நாள் குழாய் ஸ்பீக்கர் அலறியபோது யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை. "எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி ஹெட்ஃபோனில் வாசிக்கலாமே" என்று இன்னொருவர். பெடலை மிதிக்கிற அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும் ஐயா. வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பறைக்கு எந்த ஹெட்ஃபோன்? தோலை நெருப்பில் காய்ச்சினால்தான் சுதி ஏறும். ஏசி அறைக்குள் எங்கே தீ மூட்டுவது? எங்கள் குழுவில் பறை வாசிக்கிற தம்பியோடு ஒரு வீடு பார்க்கப் போனேன். ஹவுஸ் ஓனர் கிட்டாரைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பறையைப் பார்த்ததும், "அது மட்டும் வேண்டாம் சார், இது நல்ல வீடு" என்றார். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பறையை உறையில் போட்டுக்கொண்டு என் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அன்று அந்த ஓனரிடம் நான் எதுவும் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றுவரை அவன் முகத்தைப் பார்க்கும்போது அது உறுத்துகிறது. ‘நல்ல இடம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. கமெண்ட் போட்டவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று தெரியும். இருந்தாலும் வருகிறது.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தபோது நானும் பெருமையாகப் பதிவு போட்டவன்தான். மேடைகள் நிறைய உண்டு. அந்த மேடைக்கு வருவதற்கு முன்னால் இருநூறு தடவை தப்பாக வாசிக்க எங்களுக்கு ஒரு அறை வேண்டும். மாநகராட்சிக்குச் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. கல்யாணம் இல்லாத நாளில் இரண்டு மணி நேரம் குறைந்த வாடகைக்குத் தரலாமே. இதைக் கேட்டால் "இதுவா இப்போ முக்கியம்" என்கிறீர்கள். எங்களுக்கு முக்கியம்.

அந்தப் பையன்களின் டிரம்ஸ் இப்போது என் வீட்டு வராண்டாவில் போர்வை மூடிக் கிடக்கிறது. அடுத்த மாதம் அவர்களுக்குக் கச்சேரி இருக்கிறது. அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் யாரிடமாவது மாலையில் பூட்டிக் கிடக்கும் குடோன் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஏசி வேண்டாம். எர்த் சரியாக இருக்க வேண்டும், வாசலில் தீ மூட்ட நாலடி இடம் வேண்டும்.