இப்படியா நாங்கள் கதைக்கிறம்?

தமிழ்நாட்டுப் படத்தில ஈழத்துப் பாத்திரம் வந்தாலே எனக்குக் கொதிக்கும். ரெண்டு ‘ஓம்’, ஒரு ‘கதைக்கிறியள்’, அதோட நடிப்பு முடிஞ்சுது! அடுத்த காட்சியில அதே ஆள் சென்னைத் தமிழுக்குத் தாவிடுவார். டப்பிங்கில இருந்த ஒருத்தருக்கும் காது கேக்காதோ? 2002இல ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படம் எங்கட வன்னியில இருக்கிற மாங்குளத்தைக் கதைக்குள்ள கொண்டுவந்தது. இவ்வளவு வருசமாகியும் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியால ஒருக்கா வந்து, நாலு சனத்தோட கதைச்சுப் பாத்துட்டு எழுதேலாதோ?

எழுத்து அதைவிட மோசம். நாங்கள் அழவேணும், இல்லாட்டி இடைவேளைக்கு முன்னம் சாகவேணும். கதாநாயகனுக்குக் கோவம் வரவேணுமாம், அதுக்கு நாங்கள்! முல்லைத்தீவில வயல் செய்யிற, கிளிநொச்சிச் சந்தையில விலை பேசுற, மாமியோட சண்டை பிடிக்கிற சனம் ஒண்டும் கண்ணில படாதோ? மூண்டு மணித்தியாலப் படத்தில குத்துப்பாட்டுக்கு நேரமிருக்கு. எங்கட அம்மா ஒருத்தி ஒரு வசனத்தை முழுசாச் சொல்லி முடிக்கத்தான் நேரமில்லை.