மூன்று வருடக் கெடு எல்லாக் குற்றத்துக்கும் இல்லை

"சின்ன வயதில் நடந்த பாலியல் கொடுமைக்கு மூன்று வருடத்துக்குள் புகார் கொடுக்கவில்லை என்றால் இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. அதை நம்பி யாரும் வாயை மூடிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கெடு, அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுக்கு மேல் போகாத குற்றங்களுக்கு மட்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 514. பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை அதைவிட அதிகம், எனவே கெடுவே கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. சரி, அதற்கு முன் நடந்தது? இந்திய தண்டனைச் சட்டத்தில் பாலியல் வன்புணர்வுக்கான 376-ஆவது பிரிவு இருக்கிறது, அதற்கும் கெடு இல்லை.

பேச்சாலும் சைகையாலும் செய்யும் சீண்டலுக்குத் தண்டனை மூன்று ஆண்டு வரைதான், அங்கே கெடு குறுக்கே வரலாம். ஆனாலும் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம்.

நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியைப் பாருங்கள். அந்த மலையடிவாரக் கிராமத்தில் அரசு ஊழியர்கள் பழங்குடிப் பெண்களுக்குப் பாலியல் கொடுமை செய்தது 1992 ஜூனில். சிபிஐ விசாரணைக்குப் போனதே 1995-ல். தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தண்டித்தது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் விடவில்லை.

தாமதத்தால் சாட்சியம் பலவீனமாகும், அது உண்மை. அதனால் இத்தனை நாள் ஏன் சொல்ல முடியவில்லை என்பதைப் புகாரிலேயே விளக்கமாக எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் இப்போதும் 18 வயது ஆகாத பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.