எம்ஆர்பியில் 20% கழிவு என்றால் 20% லாபமா?

"சூப்பர் மார்க்கெட்டில் எம்ஆர்பியில் 20% கழிவு, அப்போ மதுரை கீழமாசி வீதி மளிகையைவிட 20% லாபம்" என்று ஓர் அண்ணன் எழுதியிருப்பது தப்புக் கணக்கு. எம்ஆர்பி என்பது வரி உட்பட, அதற்கு மேல் விற்கக் கூடாத விலை, அவ்வளவுதான். கீழமாசி வீதிக் கடைகளிலும் பல சரக்கு அதற்குக் கீழேதான் போகிறது. நிறுத்துத் தரும் சில்லறைத் துவரம்பருப்புக்கு எம்ஆர்பியே கிடையாது, எதிலிருந்து 20% கழிப்பீர்கள்? பாக்கெட்டில் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ விலை பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் (2011 பொட்டலப் பொருள் விதிகளில் பிறகு சேர்த்தது). அதில் கழிவைக் கழித்துவிட்டு, சில்லறை விலையோடு ஒப்பிடுங்கள். சோப்பு, ஷாம்பு சூப்பர் மார்க்கெட்டில் பல நேரம் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒத்தக்கடையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனால் அந்தக் காசையும் பில்லில் கூட்டணும் அண்ணே. சாமான் போடும் பைக்குக் காசு தனி.