வெள்ளிக்கிழமை சாயந்தரம் ரத்தாகும் பாஸ்

விமான டிக்கெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். ராணுவப் பயிற்சியில் இருப்பவர் வார இறுதியில் குடும்பத்தைச் சந்திக்கத் தரப்படும் அனுமதி, அதாவது பாஸ், உண்டா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை சாயந்தரம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தும் கடைசி ஃபார்மேஷனில்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் பணத்தையும் நிம்மதியையும் தொலைக்கின்றன. கேட்டால் ஒரே பதில்தான்: பாஸ் உரிமை இல்லை, சலுகை. சரி, சலுகையாகவே இருக்கட்டும். அது இல்லை என்பதைப் புதன்கிழமையே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பயிற்சி கடுமையாக இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரூம் இன்ஸ்பெக்‌ஷனில் கோட்டை விட்டவருக்கு, உடற்தகுதித் தேர்வில் தவறியவருக்கு பாஸ் போகட்டும். நியாயம்தான். ஆனால் வார இறுதி டியூட்டி ரோஸ்டர்? அது கடைசி நிமிஷத்தில் வானத்திலிருந்து விழுகிறதா? இரவுக் காவல் யாருக்கு, முன்வாசல் மேசையில் யார் உட்கார வேண்டும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே பெயர் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தாளை இரண்டு நாள் முன்னால் சுவரில் ஒட்டினால், ஊரிலிருந்து கிளம்புகிறவர் கிளம்பாமல் இருப்பார். அதைவிடக் கொடுமை கூட்டுத் தண்டனை. யாரோ ஒருவன் ஒளித்து வைத்த போன் பிடிபட்டதற்கு கூடப் பயிற்சி பெறும் மொத்தக் குழுவின், அதாவது பிளட்டூனின், பாஸும் போகிறது. தண்டனை உள்ளே இருப்பவருக்கு மட்டுமா? ஏர்போர்ட்டில் கைக்குழந்தையோடு நிற்பவருக்கும் சேர்த்துத்தான்.

தரைப்படையின் பேசிக் டிரெய்னிங், அதாவது அடிப்படைப் பயிற்சி, 10 வாரம். அதில் குடும்ப நாள், பட்டமளிப்பு நாள் தவிரச் சந்திப்பை எதிர்பார்க்கவே வேண்டாம். அது தெரிந்த விஷயம், அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அடுத்து வரும் தொழில் பள்ளியில்தான். தரைப்படையில் அதற்குப் பெயர் ஏஐடி, கடற்படையில் ஏ ஸ்கூல், விமானப்படையில் டெக் ஸ்கூல். “பேசிக் முடிஞ்சுடுச்சு, இனி வார வாரம் பார்க்கலாம்” என்று படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் சொன்னதை நம்பி டிக்கெட் போடுகிறார்கள். கட்டம் கட்டமாகத்தான் சுதந்திரம் தருவார்கள் என்பதை அவர் ஏன் சொல்வதில்லை? ஆரம்ப வாரங்களில் பாஸ் கிடைத்தாலும் பெரும்பாலும் முகாமுக்குள் மட்டும்தான். அடுத்த கட்டத்தில் பகலில் வெளியே வரலாம். இரவு தங்க அனுமதி அதற்கும் பிறகு, அதுவும் கமாண்டர் மனசு வைத்தால். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி “லீவு உண்டா” இல்லை. “எந்தக் கட்டத்தில் இருக்கிறாய், பாஸ் முகாமுக்குள்ளா வெளியிலா, எத்தனை மைல் வரை, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யூனிஃபார்மா சாதா உடையா.” இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்கும்வரை ஹோட்டல் புக் பண்ணாதீர்கள். வேறொரு பள்ளியில் கணவர் படித்தவர் சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்தாது. ஒரே முகாமில் பக்கத்துப் படைப்பிரிவின், அதாவது கம்பெனியின், விதிகூட வேறாக இருக்கும்.

“கூடவே குடிபெயர்ந்து போயிடலாமே” என்று யோசனை சொல்கிறவர்கள் 20 வாரக் கணக்கைத் தெரிந்துகொள்ளட்டும். ஒரே இடத்தில் 20 வாரமோ அதற்கு மேலோ நடக்கும் பயிற்சிக்குத்தான் குடும்பத்தை இடம் மாற்றும் உத்தரவும் செலவும் வரும். கலிபோர்னியா மான்டெரேயில் உள்ள ராணுவ மொழிப் பள்ளி இதில் தாராளமாக அடங்கும். டெக்சஸ் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் 16 வாரம் படிக்கும் போர்க்கள மருத்துவ உதவியாளருக்கு, அதாவது காம்பாட் மெடிக்குக்கு, அது கிடையாது. நான்கு மாதத்தை வார இறுதிகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த வார இறுதியைத்தான் இவ்வளவு அலட்சியமாகப் பிடுங்குகிறார்கள்.

இனி முகாம் வாசல், அதாவது கேட். கணவன் மனைவியாக இருந்து, டீர்ஸ் என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏறி, ராணுவ அடையாள அட்டை கையில் இருந்தால் நேராகப் போகலாம். அந்த அட்டைக்கான விண்ணப்பத்தில், 1172-2 படிவத்தில், பயிற்சியில் இருப்பவர் கையெழுத்து வேண்டும். போன் கிடைக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமையே அதைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணமாகாத ஜோடிக்கு, நிச்சயமானவர்களாகவே இருந்தாலும், அட்டை கிடையாது. விசிட்டர் சென்டரில் வரிசையில் நின்று, பின்னணிச் சோதனை முடிந்து, பெயரும் தேதியும் அச்சிட்ட நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். 2025 மே 7 முதல் ரியல் ஐடி விதி, அதாவது மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை வேண்டும் என்ற விதி, நடைமுறையில் இருக்கிறது. லைசென்ஸ் மூலையில் நட்சத்திரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். வாடகை வண்டி என்றால் அதன் ஒப்பந்தத் தாளும் வேண்டும். விசாவில் இருப்பவர்களும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவும் தனிச் சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் இருக்கிறதே என்று நேரில் போய் நிற்காதீர்கள், முன்னதாகவே போன் போட்டுக் கேளுங்கள். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் குடும்பங்களுக்கு அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

பணத்தைக் காப்பாற்ற வழி ஒன்றுதான்: எதையும் ரத்து செய்ய முடிகிற மாதிரி எடுப்பது. தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட் இந்த வாழ்க்கைக்கு ஆகாது. ஹோட்டலில் “வெள்ளி மாலை வரை ரத்து செய்யலாம்” என்றிருந்தால், அது எத்தனை மணி என்று பாருங்கள், ஃபார்மேஷன் முடிவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரம் பொதுவாகப் பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கே அனுப்புவார்கள். அதற்கு முந்தைய வாரம் போய்ப் பார்ப்பது வீண் செலவு. ஆன்லைன் டாக்ஸி பல முகாம்களில் கேட்டோடு நின்றுவிடும், மிசூரி ஃபோர்ட் லெனர்ட் வுட் மாதிரி ஒதுக்குப்புறத்தில் வண்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

யூனிஃபார்மில் வெளியே வந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதற்குக்கூடக் கண்டிப்பு உண்டு. ஒருவர் போட்டோ எடுத்து ஏற்றினால் திங்கட்கிழமை விசாரணை. பயிற்சியில் இருப்பவருக்கு ஒரு பீர்கூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஞாயிறு இரவு 8 மணிக்குள் திரும்பணும் என்றால் 7 மணிக்கே கேட்டில் இருங்கள். வார இறுதி முடிகிற நேரத்தில் வண்டி வரிசை சாலைவரை நீளும், உள்ளே போய் கையெழுத்துப் போடும் நேரம்தான் கணக்கு. ஐந்து நிமிஷம் தாமதித்தால் அடுத்த வாரப் பாஸ் உங்களுக்கு மட்டும் போகாது, இன்னொரு பிளட்டூன்காரன் மனைவி எடுத்து வைத்த டிக்கெட்டும் சேர்ந்து வீணாகும்.