சிக்கனமாக இருக்கவும் கையில் காசு வேண்டும்

கரண்ட் பில் வந்த அன்று ராத்திரி, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அம்மா மீட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "எல்லாத்தையும் அணைச்சாச்சே, இன்னும் ஏன் ஓடுது?" என்றார். ஃபிரிட்ஜ்தான் அம்மா என்றேன். அந்தச் சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட்.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க 110 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆனால் அம்மா வருஷக்கணக்காக விளக்கைத்தான் அணைத்து வருகிறார். அவருக்கு எல்லோரும் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

கரண்டுக்கும் எரிபொருளுக்கும் விலை ஏன் ஏறியது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. 2020-இல் ஊரடங்கில் படுத்த எண்ணெய் விலை, 2021-இல் எல்லாம் திறந்ததும் எழுந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. மார்ச்சில், உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு 130 டாலரைத் தாண்டியது. ரஷ்யாவிலிருந்து குழாயில் வந்த எரிவாயு குறைந்ததும், ஐரோப்பா கப்பலில் வரும் எல்.என்.ஜி.யைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்த விலை கொடுக்க முடியாத பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் மணிக்கணக்கில் மின்வெட்டு. புதிதாக மின்சாரம் கிடைத்தவர்களில் சுமார் 7.5 கோடிப் பேருக்கு அதற்குக் காசு கட்டும் சக்தி இல்லாமல் போகக்கூடும் என்று சர்வதேச எரிசக்தி முகமை அந்த வருஷமே சொன்னது. அப்புறம் சந்தையில் விலை இறங்கியது. வீட்டு பில் அதே வேகத்தில் இறங்குவதில்லை.

என் ஆதங்கம் வேறு. 'சிக்கனமாக இருங்கள்' என்ற அறிவுரை, ஏற்கெனவே எல்லாவற்றையும் குறைத்துவிட்டவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த புது பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். ஆனால் அதை வாங்க இன்றைக்கே முழுப் பணம் வேண்டும். கூரையில் சோலார் போடச் சொந்தக் கூரை வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? வசதி உள்ளவர் ஒருமுறை செலவழித்துவிட்டு மாதாமாதம் மிச்சம் பிடிக்கிறார். இல்லாதவர் பழைய சாமான்களோடு மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிறார். பழைய ஃபிரிட்ஜையும் விசிறியையும் மாற்றிக்கொடுத்து, விலையை பில்லிலேயே தவணையாகப் பிடித்துக்கொண்டால் எத்தனை வீடுகள் மூச்சுவிடும்!

மறுநாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பார்த்தேன். பிடிப்பே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவு ரப்பர் போய்விட்டது, குளிர் வெளியே கசிகிறது. ஃபிரிட்ஜை மாற்ற இப்போது முடியாது. சரி, இந்த மாதம் ரப்பரை மாற்றுகிறோம்.