குண்டுக்கு முன்னால் வந்த வக்கீல் நோட்டீஸ்கள்

2017 அக்டோபர் 16 அன்று, மதியம் மூன்று மணி வாக்கில், மால்டா தீவின் பிட்னியா கிராமத்தில் டாஃப்னி கருவானா கலீட்சியா என்ற பத்திரிகையாளர் வீட்டைவிட்டுக் கிளம்பினார். காசோலைப் புத்தகத்தை மறந்துவிட்டதால் ஒருமுறை திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் அவை. அவருடைய சொந்த வங்கிக் கணக்குகள் எட்டு மாதங்களாக முடங்கிக் கிடந்தன. நாட்டின் பொருளாதார அமைச்சர் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டு, தீர்ப்பு வருவதற்கு முன்பே நீதிமன்றத்தின் மூலம் அந்தக் கணக்குகளை முடக்கி வைத்திருந்தார். செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் கணவரின் காசோலையோடு வங்கிக்குப் போக வேண்டும். போகும் வழியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, கார் இருக்கைக்கு அடியில் வைத்திருந்த குண்டு வெடித்தது. கடலில் ஒரு படகில் இருந்தவன் அனுப்பிய குறுஞ்செய்தியால் அது வெடித்தது என்பது பிறகு தெரியவந்தது. சத்தம் கேட்டு வெறுங்காலோடு ஓடி வந்தவர் மகன் மாத்யூ. பணக்காரர்களும் அரசியல்வாதிகளும் வெளிநாடுகளில் வைத்திருந்த ரகசிய நிறுவனங்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்களை அலசிய சர்வதேசக் குழுவில் வேலை செய்த பத்திரிகையாளர் அவரும்.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கொலையிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள், எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று எண்ணிக்கை சொல்கிறோம். எண்ணிக்கை முக்கியம்தான். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 2024-இல் மட்டும் 124 பேரைக் கணக்கிட்டது. அந்த அமைப்பு கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு பேர் இறந்த ஆண்டு அதற்கு முன் இருந்ததில்லை. பெரும்பாலானோர் காஸாவில் இஸ்ரேலின் தாக்குதலில் மாண்டவர்கள். அந்தக் கொடுமைக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். இங்கே நான் பேச வந்தது போர் இல்லாத இடத்தில், தேர்தலும் நீதிமன்றமும் ஒழுங்காக நடக்கும் நாட்டில், ஒரு பத்திரிகையாளர் எப்படிக் கொல்லப்படும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார் என்பதைப் பற்றி. குண்டு கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருபவை எல்லாமே சட்டப்படி வருகின்றன. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

மால்டா சின்ன நாடு. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர், மக்கள் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகச் சிறிய உறுப்பு நாடு. அங்கே அரசியல்வாதி, வணிகர், நீதிபதி, நிருபர் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இரண்டு பெரிய கட்சிகள்; இரண்டுக்கும் சொந்தமாகத் தொலைக்காட்சியும் வானொலியும் உண்டு. டாஃப்னி நாளிதழ்களில் பத்தி எழுதி வந்தவர். 2008-இல் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினார். ஆசிரியர் குழு கிடையாது, விளம்பரதாரர் தயவு கிடையாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். பரபரப்பான நாள்களில் நாட்டின் எல்லாச் செய்தித்தாள்களின் விற்பனையையும் சேர்த்தாலும் எட்டாத எண்ணிக்கையில் மக்கள் அதைப் படித்தார்கள்.

2016 பிப்ரவரியில், பனாமா ஆவணங்கள் உலகுக்கு வெளியாவதற்கு முன்பே, பிரதமர் ஜோசப் மஸ்கட்டின் தலைமை அதிகாரி கீத் ஸ்கெம்ப்ரிக்கும் அமைச்சர் கொன்ராட் மிட்சிக்கும் பனாமாவில் ரகசிய நிறுவனங்கள் இருப்பதை அவர் எழுதினார். ஏப்ரலில் ஆவணங்கள் வெளிவந்து அதை உறுதிப்படுத்தின. ஒரு நாகரிகமான நாட்டில் அன்றைக்கே இருவரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பிரதமர் இருவரையும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டாஃப்னி '17 பிளாக்' என்ற துபாய் நிறுவனத்தின் பெயரை எழுதினார். அந்தப் பனாமா நிறுவனங்களுக்குப் பணம் தரவிருந்த நிறுவனம் அது என்பது பிறகு தெரியவந்தது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டு இறந்துபோனார்.

அவர் எழுத எழுத வழக்குகள் குவிந்தன. இறந்தபோது அவர்மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. சில கிரிமினல் வழக்குகள். ஒரே விவகாரத்துக்காக ஒரே தொழிலதிபர் 19 வழக்குகள் போட்டிருந்தார். 19 வழக்கு என்றால் 19 பதில் மனு, 19 கட்டணம், முடிவே இல்லாத வாய்தாக்கள். நீதிமன்றப் படி ஏறிய எவருக்கும் இதன் பொருள் தெரியும். வழக்கில் ஜெயிப்பது இந்த மனிதர்களின் நோக்கமே இல்லை. எழுத வேண்டிய கையை வாய்தாவுக்கு அலைய வைத்தால் போதும். அவர் எழுதிய ஒரு வங்கியோ, மால்டாவை விட்டுவிட்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நான்கு கோடி டாலர் கேட்டு அவர்மீது வழக்குத் தொடுத்திருந்தது. அப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாமல் அவர் செத்துப்போனார். அந்த வங்கியின் உரிமத்தை 2018-இல் ஐரோப்பிய மத்திய வங்கி ரத்து செய்தது.

கணக்குகளை முடக்கிய அமைச்சரின் வழக்கு என்ன ஆனது தெரியுமா? டாஃப்னி இறந்த மறு ஆண்டு, வழக்குத் தொடுத்த அமைச்சரே நீதிமன்றத்துக்கு வராததால் வழக்கு கைவிடப்பட்டது. அவ்வளவுதான். எட்டு மாதம் ஒரு பெண்ணைக் கணவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வைத்த வழக்கின் முடிவு இதுதான்.

வழக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவரை மனுஷியாகவே மதிக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'பிட்னியாவின் சூனியக்காரி' என்று பெயர் வைத்தார்கள். பிரதமர் அலுவலகத்தில் சம்பளம் வாங்கிய ஒருவரே அவரைத் தாக்குவதற்கென்று ஒரு வலைப்பூ நடத்தினார். அவர் எங்கே போனாலும் யாராவது படமெடுத்து அனுப்ப, அது கேலியோடு அங்கே ஏறியது. தொண்ணூறுகளிலேயே அவர் வளர்த்த நாயின் கழுத்தை அறுத்து வாசலில் போட்டிருந்தார்கள். 2006-இல் குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தபோது வீட்டின் பின்புறம் டயர்களை அடுக்கித் தீ வைத்தார்கள். இரவு தாமதமாக வீடு திரும்பிய ஒரு மகன் பார்த்ததால் பிழைத்தார்கள். நமக்கு இந்த முறை புதிதா? ஒரு பெண் எழுதினால் முதலில் அவள் நடத்தை, பிறகு அவள் முகம், பிறகு அவள் வீடு.

டாஃப்னி எழுதியதையெல்லாம் நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. அவர் மொழி பல இடங்களில் கொடூரமாக இருந்தது. ஆட்களின் உடையையும் தோற்றத்தையும் குடும்பத்தையும் கிண்டல் செய்து எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரதமரின் மனைவிக்கு ஒரு பனாமா நிறுவனம் சொந்தம் என்று அவர் எழுதியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2018-இல் நீதித்துறை விசாரணை கூறியது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் பத்திரிகைச் சுதந்திரம் என்பது தப்பே செய்யாத, இனிமையாகப் பேசும், எல்லோருக்கும் பிடித்த நிருபருக்கு மட்டும் கொடுக்கும் பரிசு என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் "ஆனாலும் அவர் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதினார்" என்று இழுப்பவர்கள் அவர்கள். தப்பாக எழுதினால் மறுப்பு வெளியிடலாம், திருத்தம் கேட்கலாம், ஒரு வழக்கும் போடலாம். அதற்கு மேல் நடந்த எதற்கும் "ஆனாலும்" கிடையாது.

கொலைக்குப் பேசப்பட்ட தொகை ஒன்றரை லட்சம் யூரோ என்று கொலையைச் செய்த மூவரில் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். அவருக்கு 2021-இல் 15 ஆண்டுச் சிறை. மற்ற இருவர், சகோதரர்கள், 2022 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தலா 40 ஆண்டுச் சிறை பெற்றார்கள். வெடிகுண்டைக் கொடுத்த இருவருக்கு 2025-இல் ஆயுள் தண்டனை. நடுவில் நின்று பேரம் பேசிய டாக்சி ஓட்டுநர் அரசு மன்னிப்புப் பெற்றுச் சாட்சியானார். ஏவியவர் என்று குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் யோர்கன் ஃபெனெக் என்ற பெரும் தொழிலதிபர். 2019 நவம்பரில் தன் உல்லாசப் படகில் மால்டாவை விட்டுக் கிளம்பியபோது பிடிபட்டார். குற்றச்சாட்டை மறுக்கும் அவர் 2025 தொடக்கத்தில் ஜாமீனில் வெளியே வந்தார்.

இந்த ஃபெனெக் யார் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. டாஃப்னி பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போன '17 பிளாக்' அவருடையதுதான். அதைக் கண்டுபிடித்தது காவல்துறை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் ராய்ட்டர்ஸும் டைம்ஸ் ஆஃப் மால்டாவும் சேர்ந்து கண்டுபிடித்தன. அதே ஆண்டு ஏப்ரலில், பிரான்ஸைச் சேர்ந்த 'ஃபர்பிட்டன் ஸ்டோரீஸ்' அமைப்பின் முயற்சியில் 15 நாடுகளின் 45 பத்திரிகையாளர்கள் ஒன்று சேர்ந்து, டாஃப்னி விட்ட இடத்திலிருந்து தோண்டத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரைக் கொன்றால் செய்தி செத்துவிடும் என்ற கணக்கில்தான் கொலை நடக்கிறது. அந்தக் கணக்கைப் பொய்யாக்க முடிந்தால் அதுதான் உண்மையான பாதுகாப்பு. துப்பாக்கிக் காவலர் ஒருவரை வாசலில் நிறுத்துவதைவிட அது பெரிது. உயிரோடு இருக்கும்போதே நாற்பத்தைந்து பேர் பக்கத்தில் நின்றிருந்தால் அவர் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். அன்று அவரோடு யாரும் இல்லை. கணக்குகள் முடங்கியபோது அவருடைய சட்டச் செலவுக்குக் கொடுத்து உதவியவர்கள் பொதுமக்கள்தான்.

ஃபெனெக் பிடிபட்டதும் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பிரதமர் டிசம்பர் 1 அன்று பதவி விலகல் அறிவித்து, ஜனவரியில் போனார். மூன்று நீதிபதிகள் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2021 ஜூலையில் வெளிவந்தது. ஆட்சியின் மிக உயர்ந்த இடங்களிலிருந்தே தண்டனை பயமில்லாத சூழல் உருவாக்கப்பட்டது, அவர் உயிருக்கு இருந்த ஆபத்தை அரசு உணரவும் இல்லை, தடுக்கவும் இல்லை, இந்தக் கொலைக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொன்னது. படிக்கப் படிக்க ஒன்று புரிகிறது. கொலைகாரர்களுக்கு யாரும் உத்தரவு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தாலும் கேட்க ஆளில்லை என்று ஊருக்கே தெரியும்படி செய்ததே போதுமானதாக இருந்தது.

செத்த பிறகும் விடவில்லை. தலைநகர் வலேட்டாவில், நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் பழைய நினைவுச் சின்னத்தின் அடியில் மக்கள் அவர் படத்தையும் பூக்களையும் மெழுகுவர்த்திகளையும் வைத்தார்கள். அரசு ஊழியர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பெண்கள் மறுபடி வைப்பார்கள். மறுபடி அள்ளுவார்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடந்தது இது. 2020 ஜனவரியில் நீதிமன்றம், இப்படி அள்ளச் சொன்ன அமைச்சர் மக்களின் கருத்துரிமையை மீறினார் என்று தீர்ப்பளித்தது. அவதூறு வழக்குகளோ வாரிசுகளின் தலையில் விழுந்தன. தாயைப் பறிகொடுத்த பிள்ளைகள், பிரதமர் தொடுத்த வழக்குக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கோ மத்தியதரைக் கடலில் இருக்கும் தீவைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: டாஃப்னிக்கு ஆறு வாரம் முன்னால், 2017 செப்டம்பர் 5 அன்று, பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் வீட்டு வாசலில் சுடப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் அவரை ஒரு நீதிமன்றம் கிரிமினல் அவதூறு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பளித்து ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்திருந்தது. ஜாமீனில் இருந்தபோதுதான் கொல்லப்பட்டார். அவதூறு வழக்குப் போட்டவர்களும் சுட்டவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் வழக்கு, ஏச்சு, தனிமை, பிறகு தோட்டா என்ற அந்த வரிசை இரண்டு ஊரிலும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள் என்கிறேன்.

தமிழ்நாட்டில் நமக்கு இது பழகிப்போன சங்கதி. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பட்டியலின்படி, ஐந்தாண்டுகளில் தமிழக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 200-க்கும் மேல். அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஊடகங்கள் மீது. அரசு வக்கீலே முதலமைச்சருக்காக வழக்காடுவார். செலவு நம் வரிப்பணம். அதே ஆண்டு மே மாதம்தான் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-இல் நக்கீரன் வழக்கில், அதிகாரிகள் தங்களைப் பற்றிய செய்தி வெளியாவதை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று சொன்னதும் அதே நீதிமன்றம். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகையாளர்கள் மீதான பழைய வழக்குகள் பலவற்றை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் சில வழக்குகள் எட்டு ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை மறந்துவிட்டு அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

மால்டா 2018-இல் கிரிமினல் அவதூறைச் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம், வாயை அடைப்பதற்காகவே போடப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வழி செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை 'டாஃப்னி சட்டம்' என்று அழைக்கிறார்கள். எல்லை தாண்டிய சிவில் வழக்குகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்பது பெரிய குறை. இருந்தாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. நாம் 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தோம். காலனி ஆட்சியின் எச்சங்களைத் துடைக்கிறோம் என்றார்கள். வெள்ளைக்காரன் எழுதி வைத்த கிரிமினல் அவதூறுக் குற்றம் 356-ஆவது பிரிவாக அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த தேர்தலில் உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த 356-ஐப் பற்றிக் கேளுங்கள். ஆட்சியில் இல்லாதபோது பத்திரிகைச் சுதந்திரம் பேசி, ஆட்சிக்கு வந்ததும் வக்கீலைக் கூப்பிடும் கட்சிகளை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம். நீக்குவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுத்தில் தரச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் மணல் கொள்ளையைப் பற்றியோ ஆக்கிரமிப்பைப் பற்றியோ எழுதி வழக்கு வாங்கிய நிருபர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அடுத்த வாய்தா எப்போது என்று அவரிடம் கேட்டு, அன்றைக்கு நான்கு பேராவது கூடப் போய் நில்லுங்கள்.